உயிரியல் பூங்காவில் யானை வாழிடம்: தரம் அறியும் முறை

அடைப்பில் வளரும் யானைக்குக் கிடைக்கும் இடம், தரை, துணை, தீனி, நீர், நிழல், இரவுத் தங்கல், பாகன் நடத்தும் விதம் ஆகியவை அதன் உடலுக்கும் மனத்துக்கும் எந்த அளவு பொருந்துகின்றன என்பதே யானை வாழிடத்தின் தரம். பரப்பளவு இதில் ஒரு பகுதிதான். பார்க்க வருபவர்கள் மெச்சும் புல்வெளியும் பாறைச் சுவரும் யானைக்கு ஒரு பயனும் தராமல் போகலாம். சேறும் லத்தியும் மண்டிய, அலங்கோலமான அடைப்பே அதற்கு நல்ல வீடாக இருக்கலாம்.

வளர்ந்த ஆசிய யானை ஒரு நாளில் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கிறது. நூறு கிலோவுக்கு மேல் பசுந்தீனி தின்கிறது, நூறு லிட்டருக்கு மேல் நீர் குடிக்கிறது. நீலகிரி வட்டாரத்தில் ஒரு கூட்டம் நடமாடும் பரப்பு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். தாய், சித்தி, அக்கா, கன்றுகள் என்று பெண்வழிக் குடும்பமாக வாழும் விலங்கு அது. எந்தப் பூங்காவும் இதை முழுமையாகத் தர முடியாது. இதில் எவ்வளவு தரப்படுகிறது, எவ்வளவு பறிக்கப்படுகிறது என்பதைத்தான் மதிப்பிடுபவர் அளக்க வேண்டியிருக்கிறது.

கால் சொல்லும் சான்று

வாழிடத்தை ஆராய வருபவர் முதலில் பார்க்க வேண்டியது யானையின் பாதத்தை. ஆசிய யானைக்குப் பொதுவாக முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நான்கு. காட்டில் நடக்கும்போது மண்ணும் கல்லும் வேரும் உராய்ந்து நகமும் உள்ளங்காலும் தாமாகவே தேயும். கான்கிரீட்டில் நாளெல்லாம் நிற்கும் யானைக்கு அது நடப்பதில்லை. உள்ளங்கால் தடித்து வெடிக்கும், வெடிப்பில் மூத்திரமும் லத்தியும் புகுந்து அழுகும், நகத்தடியில் சீழ் கட்டும். நாலைந்து டன் எடையுள்ள உடலுக்குப் பாதப் புண் சின்ன நோயல்ல. வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்றி, மூட்டுகளும் கெடும். ஒரு கட்டத்தில் படுத்தால் எழ முடியாது என்று பயந்து, படுப்பதையே விட்டுவிடும்.

நல்ல பூங்காவில் பாகன் நாள்தோறும் யானையைக் காலைத் தூக்கச் சொல்லி, உள்ளங்காலைக் கழுவிப் பார்ப்பார். வளர்ந்த நகத்தை அரம் போட்டுத் தேய்ப்பார். இதெல்லாம் தேவைதான், ஆனால் தரை சரியில்லை என்றால் அரம் மட்டும் யானையைக் காப்பாற்றாது. வட அமெரிக்கப் பூங்கா யானைகளைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வுத் தொகுதி, கடினத் தரையில் நிற்கும் நேரம் கூடக்கூடப் பாத நோயும் மூட்டு நோயும் கூடுவதைக் காட்டியது. ஆழமாக மணல் பரப்பிய கொட்டிலும், சாய்ந்து படுக்கவும் எழவும் வசதியாகக் குவித்த மண்மேடும் இதனால்தான் இன்று தரத்தின் முதல் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன.

துணையும் தலையாட்டலும்

நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் அசைவது, தலையை ஓயாமல் ஆட்டுவது, ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடப்பது: இவற்றை யானை ஆடுகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டி மகிழ்கிறோம். இது ஆட்டம் அல்ல. அடைபட்ட விலங்கிடம் காணப்படும் மீள்செயல் இது. சில சமயம் பழைய வாழிடத்தின் தழும்பாக, நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் நீடிக்கும். 2016 தொகுதியின்படி, ஆய்வுக்கு உட்பட்ட யானைகளில் சுமார் 85 சதவீதம் பகலில் இப்படிச் செய்தன. தனியே அடைக்கப்படும் நேரம் அதிகமானால் இது அதிகமானது, இளங்குட்டிகளுடன் கழிக்கும் நேரம் அதிகமானால் குறைந்தது. பரப்பளவைவிடத் துணையே இதில் வலுவான காரணமாக இருந்தது.

டெல்லி தேசிய உயிரியல் பூங்காவின் ஆப்பிரிக்க ஆண் யானை சங்கர் இதற்கு வேதனையான சான்று. 1998இல் ஜிம்பாப்வே அனுப்பிய பரிசு அது. உடன் வந்த மற்றோர் ஆப்பிரிக்க யானை இறந்த பிறகு, தன் இனத் துணை இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அதைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தது பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, 2024 அக்டோபரில் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கம் டெல்லிப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில், 29 வயதில், சங்கர் இறந்தது. ஆயுளின் பாதியைக்கூட அது எட்டியிருக்கவில்லை. இலங்கையிலிருந்து 1985இல் பாகிஸ்தானுக்குப் பரிசாகப் போன காவன் என்ற யானைக்காவது கடைசியில் விடிவு வந்தது. இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2020 நவம்பரில் அது கம்போடியாவுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டது. இரு நாட்டு நட்புக்காக யானைக் கன்றைப் பரிசளிக்கும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும்.

அளவுகள்

அமெரிக்கப் பூங்காக்கள் சங்கத்தின் 2011 தரநிலை, ஒரு யானைக்கு வெளியிடமாகக் குறைந்தது 500 சதுர மீட்டர் கேட்கிறது. பெண் யானைகள் உள்ள மந்தையில் குறைந்தது மூன்று யானைகளாவது இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டன் 2025இல் வெளியிட்ட புதிய தரநிலை, ஐந்தோ அதற்குக் குறைவோ யானைகள் உள்ள மந்தைக்கு 20,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் என்று விதித்து, 2040 வரை அவகாசம் தந்திருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே, அறிவு வளர வளர அளவுகோல் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும்.

அளவுகோல் மாறியதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மியான்மர் மரக்கூப்புகளில் வேலை செய்யும் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 41.7 ஆண்டு, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளுக்கு 18.9 ஆண்டு. பழைய வளர்ப்பு முறைக் காலத்தின் இறப்புகளும் அதில் சேர்ந்துவிட்டன என்று பூங்காக்காரர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் மரம் இழுக்கும் யானையைவிடச் சும்மா நிற்கும் யானை சீக்கிரம் சாகிறது என்ற உண்மையை அது அழித்துவிடாது.

நல்ல அமைப்புக்கு உதாரணமாக 2014இல் திறந்த சூரிச் பூங்காவின் யானை வளாகத்தைச் சொல்வார்கள். சுமார் 11,000 சதுர மீட்டர், நீந்தும் ஆழமுள்ள குளம், வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு நேரத்தில் கிடைக்கும் தீனி. தீனியைத் தேட வைப்பது முக்கியம். கட்டுக் கட்டாகக் காலையில் கொட்டிவிட்டுப் போனால், மிச்ச நாள் முழுக்க யானைக்கு வேலை இருக்காது.

இந்தியாவில்

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையமே பூங்காக்களை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்குகிறது. 2009 நவம்பரில் அது ஒரு துணிச்சலான சுற்றறிக்கை விட்டது: பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை வனத்துறையின் யானை முகாம்களுக்கு மாற்ற வேண்டும். அப்போது 26 பூங்காக்களிலும் 16 சர்க்கஸ்களிலுமாகச் சுமார் 140 யானைகள் இருந்தன. சுற்றறிக்கை முழுமையாக நிறைவேறவில்லை என்பதற்கு டெல்லி சங்கர் ஒன்றே போதும்.

முகாம் என்றால் முதுமலையின் தெப்பக்காடு, ஆனைமலையின் கோழிகமுத்தி போன்றவை. ராகி, கொள்ளு, வெல்லம் சேர்ந்த கவளம் முகாமில் கிடைக்கும், யானைகளை மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் விடுவார்கள். இரவில் மேயப் போன யானையைப் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் காலையில் தடம் பார்த்துத் தேடிப் போய் அழைத்து வருவது பழைய முறை. அங்கும் சங்கிலி உண்டு, கராள் என்ற மரக்கூண்டு உண்டு. முகாமைச் சொர்க்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலடியில் மண்ணும், பக்கத்தில் வேறு யானைகளும், தானே ஒடித்துத் தின்னக் கிளையும் இருக்கின்றன.

யானை எங்கே வாழ வேண்டும் என்பதை மும்பை உயர் நீதிமன்றமும் எடைபோட்டிருக்கிறது. கோலாப்பூர் மாவட்டம் நாந்தணி சமண மடத்தின் மகாதேவி என்ற யானையின் வழக்கில், பாதநோயும் மூட்டுவாதமும் தனிமையும் கணக்கில் எடுக்கப்பட்டன. யானையின் நலன் மடத்தின் வழக்கத்தைவிட மேலானது என்று 2025 ஜூலை 16 அன்று தீர்ப்பு வந்தது. மடத்தை விட்டுப் போன யானையைப் பக்தர்கள் கண்ணீரோடு வழியனுப்பினார்கள். அந்த அன்பு பொய்யல்ல, அழுகிய பாதமும் பொய்யல்ல.

ராணி பாக்

மும்பையின் சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களில் பலர் பிள்ளைகளுக்கு யானை காட்ட அழைத்துப் போன இடம் பைக்குல்லா ராணி பாக். சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் மாட்டுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி தாண்டி பைக்குல்லா. 1862இல் விக்டோரியா தோட்டமாகத் திறந்து, இன்று வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே உத்யான் என்ற பெயரில் மாநகராட்சி நடத்தும் பூங்கா இது. ராணி பாக்கில் அனார்கலி, லட்சுமி என்ற இரு பெண் யானைகள் நெடுங்காலம் வாழ்ந்தன.

பூங்காவின் மொத்தப் பரப்பு சுமார் 50 ஏக்கர். பிரிட்டனின் புதிய அளவுப்படி ஒரு சிறு யானை மந்தைக்கே அதில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். மரங்களும் நடைபாதைகளும் மற்ற விலங்குகளும் போக அந்த 5 ஏக்கரை எங்கே ஒதுக்குவது? சென்னை வண்டலூர் அறிஞர் அண்ணா பூங்கா 602 ஹெக்டேர், அங்கே இப்படியொரு கேள்வியே எழாது. ஊழியர்கள் எவ்வளவு அக்கறையாகக் கவனித்தாலும், நெருக்கடியான நகரின் நடுவே அந்த நிலம் இல்லை.

எந்தப் பூங்காவுக்குப் போனாலும் யானை அடைப்பின் முன்னால் அரைமணி நேரமாவது நில்லுங்கள். எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, எத்தனை முறை தலை அசைகிறது, பக்கத்தில் இன்னொரு யானை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் எங்கே, எந்தத் தரையில், சங்கிலியோடா சங்கிலி இல்லாமலா என்று பாகனிடம் மரியாதையாகக் கேளுங்கள். தங்கள் யானையைப் பற்றி அக்கறையாகக் கேட்பவர்களிடம் பாகன்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ராணி பாக்குக்கு இனி புதிதாக எந்த யானையும் கொண்டுவரப்படக் கூடாது. அந்தக் கோரிக்கையை மாநகராட்சிக்கு எழுதி அனுப்ப நம் ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது.