பார்டர் புரோட்டா பிறந்த கதை

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற பேருந்தில் ஏறி ‘பார்டர்’ என்று சொன்னால் பிரானூருக்குத்தான் சீட்டுக் கிடைக்கும். எங்கள் இலஞ்சிக்குப் பக்கத்து ஊர். இறங்கிப் பார்த்தால் எல்லை என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. மரம் அறுக்கிற மில்கள், தடி ஏற்றிய லாரிகள், சாலையோரம் புரோட்டாக் கடைகள். கேரளம் தொடங்குவது இன்னும் மேற்கே, புளியரையைக் கடந்து மலை ஏறுகிற இடத்தில். ஆனால் சென்னையில்கூட ‘குற்றாலம் பார்டர்’ என்று பலகை மாட்டிப் புரோட்டா விற்கிறார்கள். இல்லாத ஓர் எல்லையின் பெயரில் ஒரு சாப்பாடு இவ்வளவு தூரம் பயணம் போயிருக்கிறது.

அந்த எல்லை ஒரு காலத்தில் இருந்தது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர்ச் சீமை; தென்காசியும் இலஞ்சியும் குற்றாலமும் திருநெல்வேலி ஜில்லா. விடுதலைப் போராட்ட வீரர் வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கோடு எங்கே ஓடியது என்பது விளங்கும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தாலுகாவின் மேற்குப் பகுதியான ஆரியங்காவுக் காடுகள் கேரளத்தோடு போயின. கோடு மேற்கே நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது.

கோடு நகர்ந்தாலும் லாரி நிற்கிற இடம் நகரவில்லை. அதற்குக் காரணம் மலை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் கொல்லத்துக்கும் புனலூருக்கும் சரக்குப் போகவேண்டும். 1904-இல் ரயில் பாதையும் அதே கணவாயில்தான் போட்டார்கள். கிழக்கே இருந்து அரிசியும் காய்கறியும் வைக்கோலும் ஏறும், மேற்கே இருந்து மரம் இறங்கும். ஏறப்போகிற டிரைவர் மலைக்கு முன்னால் ஒரு முறை வயிற்றை நிரப்பிக்கொள்வார். இறங்கி வந்தவர் கை கால் உதறிக்கொண்டு உட்காருவார். இவர்களோடு மில்லில் தடி தூக்குகிற ஆட்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் சூடாக, சீக்கிரமாக, கைக்காசுக்குள் வயிறு நிறைகிற சாப்பாடு இவர்களுக்கு வேண்டியிருந்தது.

சோறு அதற்கு ஒத்துவராது. வடித்து வைத்தால் ஆறிப்போகும், மிஞ்சினால் நட்டம். அரிசிக்கே பஞ்சம் இருந்த காலமும் அது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோய், திருவிதாங்கூர் பட்ட பாட்டை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு வந்தது கப்பல் கோதுமை. அமெரிக்கா 1954-இல் பி.எல். 480 என்ற சட்டம் போட்டுத் தன்னிடம் மிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவோடு முதல் ஒப்பந்தம் ஆனது 1956 ஆகஸ்டில். எல்லை நகர்வதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால். அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது. ஆனால் பார்டர் புரோட்டாவின் கதையைச் சொல்லவேண்டுமென்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்லவேண்டும். ஒன்று பெயரைக் கொடுத்தது, இன்னொன்று மாவைக் கொடுத்தது.

அந்தக் கோதுமையை அரைத்துச் சலித்த மைதாவின் குணம் சாலையோரக் கடைக்கென்றே அமைந்தது. மூட்டையில் கெடாமல் கிடக்கும். பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் மணிக்கணக்கில் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும்போதுதான் மாவில் இருக்கிற பசைப்புரதம் தளர்ந்து, வீசினால் கிழியாமல் மெல்லிய துணிபோல விரிகிற பக்குவம் வரும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு வீசிச் சுருட்டித் தட்டிக் கல்லில் போட்டால் போதும். மிச்ச உருண்டை அடுத்த லாரிக்கு. தமிழர்கள் பிழைக்கப் போன கரைகளில் எல்லாம் இதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன: இலங்கையில் கொத்து ரொட்டி, மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் பிராட்டா. தமிழ்நாட்டுக்குள்ளேயே விருதுநகரில் எண்ணெயில் பொரிப்பார்கள், மதுரையில் பன் மாதிரி உப்ப வைப்பார்கள்.

பிரானூரில் செய்தது வேறு. புரோட்டாவைச் சிறிதாக்கினார்கள். உள்ளங்கையை விடச் சற்றே பெரிது, மெத்தென்று இருக்கும். கல்லிலிருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி வைத்து, சூட்டோடு இரண்டு பக்கமும் கையால் அடித்து இதழ்களைப் பிரித்துவிடுகிற அந்தச் சத்தம் சாலைக்குக் கேட்கும். சிறிதாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பசியையும் பையில் இருக்கிற காசையும் பார்த்து எத்தனை வேண்டும் என்று சாப்பிடுகிறவரே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டோடு எழுந்திருக்கிறவரும் உண்டு, பத்தைத் தாண்டிப் போகிறவரும் உண்டு. ‘வெண்ணிலா கபடிக் குழு’ படத்தில் சூரி புரோட்டாவை எண்ணி எண்ணிச் சாப்பிடுகிற காட்சி தமிழ்நாடு முழுக்க ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், புரோட்டாவை நாம் எண்ணிக்கையில் சாப்பிடுகிறவர்கள் என்பதுதான்.

ஆனால் இந்தச் சாப்பாட்டின் உயிர் சால்னாவில் இருக்கிறது. அங்கேதான் கோழி வருகிறது.

மலையடிவாரத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கோழி உண்டு. சிறுவிடை, பெருவிடை, இன்னும் முட்டையிடத் தொடங்காத வெடக்கோழி, சண்டைக்கு ஆகாமல் கழிந்த சேவல், எல்லாம் சந்தைக்கு வரும். நாட்டுக்கோழி ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அவ்வளவு நாளும் ஓடித் திரிந்து மண்ணைக் கிளறித் தின்ற உடம்பு. அதனால் கறி இறுக்கமாக இருக்கும், எலும்பு கெட்டியாக இருக்கும். சீக்கிரம் வேகாது. வேகாதது குறை என்று தோன்றும்; சால்னாவுக்கு அதுதான் வரம். கறியையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கிற சவ்வு நீண்ட நேரம் கொதிக்கக் கொதிக்கக் கரைந்து தண்ணீரில் இறங்கும். வெங்காயம், தக்காளி, சோம்பு, மிளகு, தேங்காய் சேர்ந்த அந்தக் குழம்பு பார்க்க நீர்த்துத்தான் இருக்கும். விரலில் தொட்டு, கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கள், ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பு எலும்பு கொடுத்தது.

ஒரு கோழி இப்படி இரண்டு வேலை செய்கிறது. கறி சுக்காவாகவும் மிளகு வறுவலாகவும் தட்டில் விலைக்குப் போகிறது. சில கடைகளில் எலும்பு நீக்கிப் பிய்த்துப்போட்டு வறுத்துத் தருவார்கள். எலும்பின் சாரம் சால்னாவாகி எல்லோருடைய இலைக்கும் விலையில்லாமல் போகிறது. கோழி வாங்கக் காசு இல்லாதவரும் வெறும் புரோட்டா கேட்டு, “அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் சால்னா ஊத்துங்க” என்று சொன்னால் கோழியின் ருசி அவர் இலைக்கும் வந்துவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் முகம் சுளிக்கமாட்டார். பார்டர் கடைகளின் மேல் எனக்கு இருக்கிற மரியாதை பெரும்பாலும் இந்த வாளியின் மேல்தான்.

உலகத்தின் இன்னொரு மூலையில் இதே போல ஒன்று பிறந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹேப்வில் என்ற ஊரில் ட்ரூயட் கேத்தி என்பவர் 1946-இல் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில், விமானத்தில் சாப்பாடு கொடுக்கிற தட்டின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்ட கோழி நெஞ்சுக்கறி அவரிடம் மலிவாக வந்தது. எலும்பில்லாத அந்தத் துண்டை மாவில் புரட்டி, எண்ணெயை அழுத்தத்தில் கொதிக்க வைக்கிற பாத்திரத்தில் போட்டபோது, ஹாம்பர்கர் தயாராகிற நேரத்துக்குள்ளேயே கோழியும் வெந்துவிட்டது. வெண்ணெய் தடவிய பன்னுக்குள் அதை வைத்து, இரண்டு துண்டு ஊறுகாய் வெள்ளரியோடு 1964 வாக்கில் விற்கத் தொடங்கினார். அதுதான் சிக்-ஃபில்-ஏ. மெக்டொனால்ட்ஸ் 1980-இல் ‘மெக்சிக்கன்’ என்ற கோழி சாண்ட்விச்சைக் கொண்டுவந்தது. பாப்பாய்ஸ் 2019 ஆகஸ்டில் மூன்று டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட்டுக்கு ஒரு கோழி சாண்ட்விச் இறக்கி, சுமார் இரண்டு வாரத்தில் கடைகளில் சரக்கில்லாமல் போனது. மலிவு விலையில் எவனுடைய கோழி சாண்ட்விச் மேல் என்று அந்த நாடே அப்போது சண்டை போட்டது.

ஒதுக்கின கறியில் பிறந்தது அவர்களுடையது, மிஞ்சின கோதுமையில் பிறந்தது நம்முடையது. எளியவன் பசிக்கு மலிவாகக் கோழியும் மாவும் சேர்த்துக் கொடுப்பதுதான் இரண்டின் நோக்கமும். எலும்பில்தான் பிரிகின்றன. சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கார் ஓட்டவேண்டும், கடித்தால் பல்லில் எலும்பு படக்கூடாது. ஆகவே நெஞ்சுக்கறி மட்டும் வேண்டும், அதுவும் மெத்தென்று, எல்லாத் துண்டும் ஒரே அளவில். அதற்கேற்ற கோழியை உண்டாக்கினார்கள். ‘நாளைய கோழி’ என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த போட்டியின் 1948 இறுதிச் சுற்றுக்குப் பிறகு கறிக்கென்றே கோழி இனங்களைக் கலந்து வளர்ப்பது வேகம் பிடித்தது. நம் ஊரில் உடுமலைப்பேட்டையில் 1984-இல் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் பிராய்லரைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோயின. இன்று நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை வந்துவிடுகிறது. கோழிக்கறி ஏழை வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டியது இதனால்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ருசிக்குக் கணக்கு வேறு. தென்காசியில் இப்போது பொரித்த கோழியும் பர்கரும் விற்கிற கடைகள் பெருகிவிட்டன, கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் அங்கேதான். நானும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் கடி நன்றாகத்தான் இருக்கிறது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம், மயோனைஸ் வழுவழுவென்று இறங்குகிறது. அந்தச் சுகம் சூடு இருக்கிற வரைக்கும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டால் மேல்மாவு பதத்துப்போய், பன் நமுத்து, கறியில் உப்பும் மிளகாயும் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்பது தெரிந்துவிடுகிறது. நாற்பது நாள் கோழிக்குச் சொந்த ருசி வர நேரமில்லை. மேலே பூசியதுதான் ருசி. சால்னாவில் பிய்த்துப்போட்ட புரோட்டா ஊற ஊறத்தான் ஏறும். வாழையிலையில் பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால், கடையில் சாப்பிட்டதைவிட நன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்கிறவர்கள் இலஞ்சியில் நிறையப் பேர். நானும் அந்தக் கட்சி.

விலையையும் அப்படியே பார்க்கவேண்டும். சாண்ட்விச்சின் விலை ஒன்றுதான். முழுவதையும் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். இங்கே நாலு பேர் போய் ஒரு தட்டு நாட்டுக்கோழியை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஐந்தாறு புரோட்டா சாப்பிட்டு எழுந்திருக்கலாம். நாட்டுக்கோழி விலை அதிகம்தான், பிராய்லரை விடப் பல மடங்கு நாள் தீனி போட்டு வளர்த்தது. ஆனாலும் ஒரு கோழியின் ருசி எத்தனை இலைக்குப் போய்ச் சேருகிறது என்று கணக்குப் போட்டால், எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான கோழிச் சாப்பாடு இல்லை.

லாரிக்காரர்கள் ருசித்ததை ஊரறியச் செய்தது குற்றாலச் சீசன். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்துவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் குளித்துவிட்டு வருகிறவனுடைய பசி சாதாரணப் பசி இல்லை. உடம்பு நடுங்கும், வயிறு எரியும். அந்த நேரத்தில் மிளகுக் காரத்தோடு சூடான சால்னா தொண்டையில் இறங்கினால் அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்திலிருந்தும் வந்தவர்கள் ஊருக்குப் போய்ப் பிரானூர் பார்டரையும் அங்கிருக்கிற ரஹ்மத் புரோட்டாக் கடையையும் பற்றிப் பேசினார்கள். அருவிக்குப் போகாமல் புரோட்டாவுக்கென்றே வண்டி கட்டி வருகிறவர்களும் பிறகு உண்டானார்கள்.

பெயர் பெரிதானதும் பலகைகள் பெருகின. எல்லாப் பலகைக்குக் கீழும் ஒரே கோழி இல்லை. பிராய்லரைக் கொஞ்சம் இறுக வறுத்து, மிளகுத்தூளைத் தூக்கலாகப் போட்டு நாட்டுக்கோழி என்று கொடுக்கிற இடங்களும் சாலையில் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உட்கார்ந்ததும் வறுவலைக் கேட்காதீர்கள். முதலில் இரண்டு புரோட்டாவும் சால்னாவும் மட்டும் வாங்கிச் சாப்பிடுங்கள். மசாலா வாசத்துக்கு அடியில் எலும்புச் சாரம் நாக்கில் தெரிகிறதா, உதட்டில் லேசாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு தட்டுக் கோழி சொல்லுங்கள், எலும்போடு. கடித்தால் எலும்பு மாவாக நொறுங்கக்கூடாது, பல்லுக்கு எதிர்த்து நிற்கவேண்டும். இரண்டு புரோட்டாவிலேயே சால்னா தண்ணீராகத் தெரிந்தால், காசைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.