பிஸ்டனுக்குள் புகுந்த திருகாணி

பொன்னமராவதிப் பட்டறைகளுக்கு வரும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரத்தில் இன்றும் டிரம் பிரேக்தான். நாலு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டி எப்போதாவதுதான் வரும். முன்சக்கரத்தில் பழகிய கை, பேட் மாற்றும்போது பின்பக்கக் கேலிப்பரிலும் சி-கிளாம்ப்பை மாட்டிப் பிஸ்டனை உள்ளே நெருக்கப் பார்க்கும். பிஸ்டன் அசையாது. மேலும் நெருக்கினால் உள்ளே ஏதோ உடையும். அந்த ‘ஏதோ’ பிறந்த கதை இது.

பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1902-இல். செம்புப் பட்டைகள் தட்டில் உரசிக் கிறீச்சிட்டன. யோசனை அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகே கார்க் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன. 1956-இல் டிரையம்ஃப் டி.ஆர்.3 காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் செய்து கொடுத்தது கெர்லிங். 1962-இல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கிய லூகாஸ் கெர்லிங்தான் அது.

டிஸ்க் பின்சக்கரத்துக்குப் போனதும் சிக்கல் முளைத்தது. ஓடும் காரை நிறுத்த டிஸ்க் கெட்டி. நின்ற காரைப் பிடித்து வைக்க டிரம்தான் கெட்டி. டிரம் சுழலப் பார்க்கும்போதே ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். கேபிளில் சின்ன இழுப்பு போதும். டிஸ்க்கில் அந்த ஒத்தாசை கிடையாது. பிரேக் ஆயில் ஒழுகிப்போனாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்கவேண்டும் என்பதால் ஆயில் அழுத்தத்தையும் நம்ப முடியாது. ஜாகுவார் ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு குட்டிக் கேலிப்பர் வைத்தது. வேறு சிலர் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் சின்ன டிரம்மை ஒளித்தார்கள்.

மூன்றாவது வழிதான் என்னை வியக்கவைக்கிறது: கால் பிரேக்கின் பிஸ்டனையே ஹேண்ட் பிரேக்குக்கும் வேலை வாங்குவது. கேபிள் இழுத்ததும் கேலிப்பரின் முதுகிலுள்ள லீவர் திரும்பும். அந்தத் திருப்பம் உள்ளே ஒரு திருகாணி வழியே பிஸ்டனை முன்னே தள்ளும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகரும். உள்ளிருக்கும் நட்டும் மரையில் சுழன்று கூடவே போய் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நேராக அமுக்கினால் அந்த நட்டு பின்வாங்காது. அதனால்தான் பிஸ்டனைத் திருகி உள்ளே இறக்கவேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாக, சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மரை எதிர்த்திசை.

இறக்கிய பிறகு அவசரம் கூடாது. பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளத்தில் பேடின் பின்பக்க முனை உட்காரும்படி இருந்தால், அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கவேண்டும். பெடலைப் பலமுறை மிதித்துப் பேடைத் தட்டுக்கு அருகே கொண்டுவந்த பிறகே கேபிளில் கைவைக்க வேண்டும். முதலிலேயே கேபிளை இறுக்கினால் லீவர் தன் இடத்துக்குத் திரும்பாமல் பேட் உரசிக்கொண்டே ஓடும், டிஸ்க் கொதிக்கும். லீவர் தண்டின் சீல் கிழிந்து புழுதியும் ஈரமும் புகுந்த வண்டிக்கும் இதே கதிதான். கியரில் போட்டு நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தொடாமலே விடுகிறவர்கள் வண்டியில் அந்த லீவர் சீக்கிரமே இறுகிவிடும்.

இப்போது பல கார்களில் கேபிளும் லீவரும் போய், கேலிப்பரின் முதுகில் சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகாணியைத்தான் சுழற்றுகிறது. அங்கே பெரும்பாலும் பிஸ்டனைத் திருகவேண்டியதில்லை: முதலில் ஸ்கேனரால் மோட்டாரைப் பின்வாங்கச் செய்து, பிறகு பிஸ்டனை நேராக அமுக்கினால் போதும்.