கப்பல் ஏறினால் குடை இலவசம்!

துணிக்கடையில் புடவை எடுத்தால் கட்டைப்பை இலவசம். டீத்தூள் வாங்கினால் டம்ளர் இலவசம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இலவசம் ஒன்றும் புதுசு கிடையாது. ஆனால் கப்பல் டிக்கெட்டே இலவசம், அதோடு கையில் ஒரு குடையும் கொடுத்து அனுப்பினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? நூறு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் இது நடந்ததாக வ.உ.சி. வரலாற்றைப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கொடுத்தது வெள்ளைக்காரக் கம்பெனி. கொடுத்த காரணம் அன்பு இல்லை என்பதும் தெரியும்!

கொல்லிமலை மேலே, திண்ணனூர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். இங்கே இருந்து பார்த்தால் கடல் தெரியாது, உண்மைதான். ஆனால் விஷயம் கடலைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரே கம்பெனியில் திரும்பத் திரும்பப் பயணம் செய்யும் ஆளுக்கு அந்தக் கம்பெனி கொடுக்கும் சலுகை நிஜமாகவே பிரயோஜனமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட தூத்துக்குடி மாதிரி நல்ல இடம் வேறு கிடையாது.

முதலில் இன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். உல்லாசக் கப்பல் கம்பெனிகள் எல்லாம் 'லாயல்டி புரோகிராம்' என்று ஒன்று வைத்திருக்கின்றன. ராயல் கரீபியன் கம்பெனியின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2024 நிலவரப்படி சாதாரண அறையில் ஓர் இரவு தங்கினால் ஒரு புள்ளி. 80 புள்ளி சேர்ந்தால் டைமண்ட், 700 சேர்ந்தால் பினாக்கிள். வருஷத்துக்கு ஒரு முறை ஏழு இரவுப் பயணம் போகிறவர் டைமண்ட் ஆக 12 வருஷம் வேண்டும். பினாக்கிள் ஆக 100 வருஷம்! பெரிய அறை எடுத்தால் புள்ளி இரட்டிப்பு, அப்போது 50 வருஷத்தில் முடிந்துவிடும். இடையில் கிடைப்பது என்ன? சில கோப்பை பானம், கொஞ்சம் இன்டர்நெட், வரிசையில் முன்னால் போகும் உரிமை. இவற்றுக்கு ஒரு மதிப்பு உண்டு, ஆனால் டிக்கெட் விலையோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான்.

சரி, தூத்துக்குடிக்கு வருவோம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்தக் காலத்தில் கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வில்லியம் மக்கின்னன் 1856-ல் வேறு பெயரில் ஆரம்பித்து, 1862-ல் இந்தப் பெயருக்கு மாற்றிய கம்பெனி. அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தம் கையில் இருந்ததால் வருமானத்துக்குக் கவலை இல்லை. தூத்துக்குடியில் இவர்களுடைய ஏஜெண்டு ஏ. அண்ட் எஃப். ஹார்வி. கோரல் மில் வைத்திருந்த அதே ஹார்விதான். இந்தப் பாதையில் போனவர்கள் யார்? கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள், அவர்களுடைய கணக்குப்பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்கள், ஆள் பிடித்துக்கொண்டு போன கங்காணிகள். இதில் வியாபாரிகளும் கங்காணிகளும் திரும்பத் திரும்பப் போய் வருகிறவர்கள். இன்றைய கப்பல் கம்பெனி விளம்பரத்தில் வரும் 'எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்' அவர்கள்தான். போட்டி இல்லாத வரைக்கும் அவர்களுக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கும்? வேறு கப்பல் இருந்தால்தானே!

1906 அக்டோபர் 16-ம் தேதி சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பவர் மட்டும் 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஓடியாடி வேலை பார்த்தது வ.உ.சி. முதலில் பம்பாயில் இருந்து ஷா லைன் கம்பெனியின் கப்பலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்தக் குத்தகை போய்விட்டது. வ.உ.சி. கொழும்பில் இருந்து வேறு கப்பல் வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். பிறகு பம்பாய்க்கே போய் 'காலியா' என்ற கப்பலை வாங்கினார், பிரான்சில் இருந்து 'லாவோ' வந்தது. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

அப்புறம்தான் வேடிக்கை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, 16 அணா. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. அடுத்து வெள்ளைக்காரர்கள் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றார்கள். கப்பல் ஓட்டுகிறவனுக்கு நிலக்கரிச் செலவு உண்டு, மாலுமிக்குச் சம்பளம் உண்டு, துறைமுகக் கட்டணம் உண்டு. எட்டணாவில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா? இரண்டு பக்கமும் நஷ்டம்தான். வித்தியாசம் என்னவென்றால் பிரிட்டிஷ் கம்பெனிக்கு ரங்கூன், கல்கத்தா, பாரசீக வளைகுடா என்று பல பாதைகள் இருந்தன. தூத்துக்குடி நஷ்டத்தை அங்கே ஈடு கட்டிக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரு பாதைதான்.

குடை வாங்கிக்கொண்டு அந்தக் கப்பலில் ஏறியவர்களைத் துரோகி என்று திட்டுவது சுலபம். 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படம் பார்த்துவிட்டு வருகிற எவருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் பிள்ளைகுட்டியோடு தோட்ட வேலைக்குப் போகிற ஒருவன் எட்டணாவை மிச்சம் பிடித்ததைக் குற்றம் சொல்வது நியாயமா? அவன் ஒரு முறை போகிறவன், திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும். அவனுக்கு அந்தக் குடை நிஜ லாபம். நஷ்டக் கணக்கு மாதாமாதம் போய்வருகிற வியாபாரிக்குத்தான். இன்று சும்மா போகிறான், சரி. எதிர்க் கம்பெனி மூடிய பிறகு பத்து வருஷம் போய்வர வேண்டும். அப்போது கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேச யாரிடம் போவான்? வணிகவியல் மாணவர்களுக்கு இதை 'வாய்ப்புச் செலவு' என்று சொன்னால் புரியும். தூத்துக்குடி வியாபாரிகள் பாடம் படிக்காமலே புரிந்துகொண்டார்கள். இலவசம் என்று சொன்ன பிறகும் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்துப் போனவர்கள் இருந்தார்கள்.

இந்த இலவச யுக்தி தூத்துக்குடியில் பிறந்ததும் இல்லை. 1884-ல் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் பரிசால் பக்கம் ஆற்றில் ஸ்டீமர் விட்டார். ஃப்ளோட்டிலா கம்பெனி எதிர்த்து நின்றது. கட்டணம் இறங்கி இறங்கிக் கடைசியில் பயணிகளுக்குக் கட்டணமே இல்லை, சிற்றுண்டியும் இலவசம் என்ற நிலைக்கு வந்ததைத் தம்பி பிற்பாடு தன் நினைவுகளில் கிண்டலாக எழுதினார். அண்ணன் கடனோடு கரையேறினார். 1893-ல் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானின் நிப்பான் யூசென் கைஷாவுடன் சேர்ந்து பம்பாயில் இருந்து பஞ்சு ஏற்றிப்போகக் கப்பல் விட்டபோதும் இதே கதை. டன்னுக்கு 19 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த பி. அண்ட் ஓ. கம்பெனி ஒன்றரை ரூபாய்க்கு இறங்கியது. அதோடு நிற்கவில்லை. டாடா கப்பலிலோ ஜப்பான் கப்பலிலோ சரக்கு ஏற்றமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கும் வியாபாரிகளுக்குத் தனியாகத் தள்ளுபடி! டாடா லைன் நின்றுபோனது. ஜப்பான் கம்பெனிக்கு அதன் அரசாங்கத்தின் ஆதரவு இருந்தது, அதனால் தாக்குப்பிடித்தது.

இந்த 'எழுதிக் கொடுத்தால் தள்ளுபடி' என்பதுதான் இன்றைய லாயல்டி புள்ளிகளுக்குத் தாத்தா. அதன் முழு வடிவம் இங்கிலாந்து - கல்கத்தா பாதையில் 1877-ல் வந்தது. 'தள்ளிவைத்த தள்ளுபடி' என்று தமிழில் சொல்லலாம். எப்படி வேலை செய்யும்? ஓர் உதாரணக் கணக்கு. ஒரு வியாபாரி ஆறு மாதத்தில் 1,000 ரூபாய்க்குக் கப்பல் கூலி கொடுக்கிறார். 10 சதவீதம், 100 ரூபாய், அவர் பெயரில் தள்ளுபடி. ஆனால் கையில் தரமாட்டார்கள். அடுத்த ஆறு மாதமும் எங்கள் சங்கத்துக் கப்பலிலேயே எல்லாச் சரக்கையும் அனுப்பு, அப்போது போன ஆறு மாதத்து 100 ரூபாயைத் தருகிறோம். அதற்குள் இந்த ஆறு மாதத்து 100 ரூபாய் சேர்ந்துவிடும். ஆக எப்போதும் வியாபாரியின் பணம் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு மூட்டையை வேறு கப்பலில் அனுப்பினால் இரண்டும் போச்சு, 200 ரூபாய் வரை நஷ்டம். புதிதாக வருகிற கம்பெனி கூலியைக் கொஞ்சம் குறைத்தால் போதாது, இந்த 200 ரூபாயையும் ஈடு கட்ட வேண்டும். யாரால் முடியும்?

பிரிட்டனில் 1906-ல் இதை விசாரிக்க ராயல் கமிஷன் போட்டார்கள், 1909-ல் அறிக்கை வந்தது. ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை. அமெரிக்கா 1916-ம் வருஷச் சட்டத்தில் நேராகத் தடை செய்தது. இந்தியாவில் 1929-ல் எஸ்.என். ஹாஜி சட்டசபையில் இதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். வெள்ளைக்கார அரசாங்கம் அதைச் சட்டமாக விடுமா என்ன?

இதில் ஒரு தமாஷ். 1919 ஏப்ரல் 5-ம் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்ட சிந்தியா கம்பெனியின் முதல் கப்பலின் பெயரே 'லாயல்டி'! வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் குவாலியர் மகாராஜாவிடம் இருந்து வாங்கியது. அந்த நாளைத்தான் 1964 முதல் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். தொடர்ந்து கட்டணப் போட்டி, பிறகு 1923-ல் இன்ச்கேப் பிரபுவின் தரப்போடு பத்து வருஷ உடன்படிக்கை. தன் கப்பல்களின் அளவுக்கு வரம்பு வைத்துக்கொள்ள சிந்தியா ஒப்புக்கொண்டது. 'லாயல்டி' கப்பல் அதற்குள் நஷ்டத்தில் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு இன்றைய உல்லாசக் கப்பலைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. தூத்துக்குடிக் குடை அன்றைக்கே கைக்கு வந்தது. புள்ளி அப்படி இல்லை, அது தள்ளிவைத்த தள்ளுபடியின் ஜாதி. சேர்த்து வைத்த பிறகு விதியை மாற்றுகிற அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறது. கார்னிவல் கம்பெனி 2025 ஜூனில் அதைத்தான் செய்தது. கடலில் தங்கிய நாட்களை வைத்து அந்தஸ்து கொடுத்த பழைய திட்டத்தை விட்டுவிட்டு, 2026 ஜூன் முதல் செலவழிக்கும் பணத்தை வைத்து அந்தஸ்து என்று அறிவித்தது. அந்தஸ்தும் நிரந்தரம் கிடையாது, பெரும்பாலோர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். இருபது வருஷமாக மலிவான அறையில் போய்வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரே கம்பெனியில்தான் போகப்போகிறோம் என்று ஏற்கெனவே முடிவு செய்தவருக்குப் புள்ளி ஒரு சின்ன லாபம், வேண்டாம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்தப் புள்ளிக்காகப் பக்கத்துக் கம்பெனியின் குறைந்த விலை டிக்கெட்டைத் தவிர்க்கிறவர் கணக்கு தப்பானது. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பஸ்ஸில் தினமும் வருகிறவருக்குக் கண்டக்டர் குடை கொடுப்பதில்லை. அடுத்த பஸ் எப்போது என்று இருவருக்கும் தெரியும்!

சுதேசிக் கம்பெனி கட்டணப் போட்டியில் மட்டும் சாகவில்லை. கோரல் மில் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம் என்று தீர்ப்பு சொன்னார் (மேல்முறையீட்டில் குறைந்தது). கம்பெனியை நடத்த ஆள் இல்லை. 1911-ல் கலைத்துவிட்டார்கள். வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது, காலியா விற்கப்பட்டிருந்தது. வாங்கியது அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் படகுச் சேவை வந்து கொழும்புப் பயணிகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு 2011 ஜூனில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. போட்டிக் கப்பல் எதுவும் இல்லை, போதுமான பயணிகளும் இல்லை. நவம்பரில் நின்றுபோனது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' கிளம்பியபோது டிக்கெட் வரியோடு 7,670 ரூபாய். தொடக்க நாளில் மட்டும் சலுகை, சுமார் 2,800 ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டார்கள்.