அமேசிங் கிரேஸ் பிறந்த கதை

1772 டிசம்பர் கடைசி. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஓல்னி என்ற சின்ன ஊரில் குருவானவர் ஜான் நியூட்டன் புத்தாண்டு ஆராதனைக்குப் பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருந்தார். ஓல்னி ஏழைகளின் ஊர். பெண்களும் பிள்ளைகளும் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து லேஸ் பின்னித்தான் அடுப்பெரிந்தது. (நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனெரிப் பெண்கள் பிற்பாடு கற்றுக்கொடுத்த கைத்தொழில்தான்.) அந்த ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே நியூட்டன் பிரசங்கத்தின் பொருளை எளிய வார்த்தைகளில் பாட்டாகவும் எழுதிக் கொடுப்பார். அந்தப் புத்தாண்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட வேதப்பகுதி 1 நாளாகமம் 17. ஆண்டவருக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம், நீ எனக்குக் கட்ட வேண்டாம், நான் உன் வீட்டைக் கட்டுகிறேன் என்று நாத்தான் மூலமாகச் செய்தி வருகிறது. தாவீது போய் ஆண்டவர் சமுகத்தில் உட்கார்ந்து, இவ்வளவு தூரம் கொண்டுவர நான் யார் என்று கேட்கிறான். அந்தக் கேள்வி நியூட்டனுக்குத் தன் கேள்வியாகவே பட்டிருக்க வேண்டும். 1773 ஜனவரி 1 அன்று அந்தப் பகுதியில் பிரசங்கித்தார். அதற்காக எழுதிய ஆறு சரணப் பாட்டைத்தான் இன்று உலகம் 'அமேசிங் கிரேஸ்' என்று பாடுகிறது.

இந்தப் பாட்டைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரியும். அடிமை வியாபாரி புயலில் சிக்கினான், மனந்திரும்பினான், அந்தத் தொழிலைத் தூக்கி எறிந்தான், பாட்டெழுதினான். புயல் உண்மை. மனந்திரும்பியதும் உண்மை. தொழிலைத் தூக்கி எறிந்தது மட்டும் நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கிருபையின் பாதிக் கதையை மறைத்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நியூட்டன் 1725-இல் லண்டனில் பிறந்தவர். ஜெபிக்கவும் வேதம் படிக்கவும் பழக்கிய தாய், அவருக்கு ஏழு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்தார். கப்பல் தலைவரான தந்தையோடு சிறு வயதிலேயே கடலுக்குப் போனார். 1744-இல் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டு, தப்பி ஓடி, பிடிபட்டு, கசையடி வாங்கினார். பிறகு ஒரு அடிமைக் கப்பலுக்கு மாறி, மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய சியரா லியோன் கரையோரத் தீவுகளில் ஒரு அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சலில் விழுந்தபோது குடிக்கத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. வியாபாரியின் துணைவி அவரைப் பட்டினி போட்டாள். அப்போது அவருக்குச் சோறு போட்டது யார் தெரியுமா? விற்பனைக்காகச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைகள். தங்களுக்குக் கிடைத்த கொஞ்சத்தில் ஒரு பங்கை, யாருக்கும் தெரியாமல் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்துவிட்டால் அடி விழும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். 1764-இல் வெளிவந்த தன் வரலாற்றில் நியூட்டனே இதை எழுதியிருக்கிறார். அவர் ருசித்த முதல் கிருபை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

தந்தையின் ஏற்பாட்டில் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அவரை மீட்டுக்கொண்டு கிளம்பியது. 1748 மார்ச் 21 இரவு, வட அட்லாண்டிக்கில் ஒரு பேரலை கப்பலின் பக்கவாட்டைப் பிளந்தது. மேல்தளத்துக்கு ஏறப்போனவரைக் கப்பல் தலைவர் ஒரு கத்தி எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக ஏறிய மாலுமியை அடுத்த அலை கொண்டுபோயிற்று. துணிமணி, படுக்கை எல்லாவற்றையும் திணித்து ஓட்டைகளை அடைத்தார்கள். அலை அடித்துக்கொண்டு போகாமலிருக்க உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, விடியும் முன்னிருந்து நண்பகல் வரை நியூட்டன் நீர் இறைத்தார். அந்த வேலையின் நடுவே, ஆண்டவர் இரங்கினால்தான் உண்டு என்ற பொருளில் ஏதோ ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து நழுவியது. வருடக்கணக்காகத் தேவதூஷணமே பேசிய வாய் அது. சொன்ன பிறகுதான், எனக்கு எப்படி இரக்கம் கிடைக்கும் என்று திடுக்கிட்டார். சரக்கு தேன்மெழுகும் சாயமரமும் ஆனதால், தண்ணீர் ஏறியும் கப்பல் மூழ்கவில்லை. நாலு வாரம் தத்தளித்து அயர்லாந்துக் கரை சேர்ந்தது. மார்ச் 21-ஐ அவர் சாகும்வரை ஜெபநாளாக ஆசரித்தார்.

அதே வருடமே மறுபடி அடிமைக் கப்பல் ஏறினார், இம்முறை 'பிரவுன்லோ'வில் முதன்மைத் துணை அதிகாரியாக. அந்தக் கப்பல் அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கிய இடங்களில் ஒன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். வேலை ஓய்ந்த நேரத்தில் ஊருக்கு வெளியே காட்டுக்குப் போய்த் தனியாக ஜெபித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். 1750-இல் கப்பல் தலைவரானார். மூன்று பயணங்கள் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளுக்கு ஜெபம் நடத்தினார், மனைவி மேரிக்கு உருக உருகக் கடிதம் எழுதினார். அதே கையால் கப்பல் குறிப்பேட்டில், செத்துக் கடலில் போடப்பட்ட அடிமைகளை வெறும் எண்களாகப் பதிந்தார். 1752 டிசம்பரில் அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிட்டது தெரிந்தபோது, சில சிறுவர்களுக்கு விலங்கு மாட்டி, கட்டைவிரலை நசுக்கும் கருவியைப் போட்டு உண்மையைக் கக்க வைத்தார். அந்தத் திட்டம் நேரத்தோடு வெளிப்பட்டதற்குக் கடவுளுக்கு நன்றியும் எழுதினார். இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு மேலே போக முடிவதில்லை.

இது ஒரு சிறைக்காவலன் வேலை போலிருக்கிறதே என்று மனம் சலித்திருக்கிறார். பாவம் என்று தோன்றவில்லை. 1754-இல் அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவர்கள் கடல் வேண்டாம் என்றார்கள். அவர் கப்பலை விட்ட காரணம் அவ்வளவுதான்.

மனிதன் திருந்தினான், ஆகவே கடவுள் ஏற்றுக்கொண்டார் என்றால் அதைக் கூலி என்று சொல்லிவிடலாம். நியூட்டன் விஷயத்தில் இரக்கம் முதலில் வந்துவிட்டது. அவர் செய்வதன் கொடுமை அவருக்கே தெரியாத வருடங்களிலும் அது அவரை விட்டுப் போகவில்லை. கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கிருபை அந்தக் கேள்வியை அமுக்கிவிடுவதில்லை என்பதற்கு நியூட்டனின் பிற்காலமே சாட்சி.

பாட்டு பிறந்த அந்த 1773 புத்தாண்டை ஒட்டியே ஒரு சோதனை வந்தது. ஓல்னியில் அவரோடு சேர்ந்து ஞானப்பாட்டுகள் எழுதிய கவிஞர் வில்லியம் கூப்பர், புத்தாண்டுக்கு மறுநாள் கடும் மனநோயில் விழுந்தார். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் அவர் ஆராதனைக்கே வரவில்லை. நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். இருவர் பாட்டுகளும் சேர்ந்த 'ஓல்னி ஹிம்ஸ்' 1779-இல் அச்சானது. 348 பாட்டுகளில் ஒன்றாக இதுவும் இருந்தது. இங்கிலாந்தில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1785-இல், லண்டன் குருவானவராகியிருந்த நியூட்டனைத் தேடி, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு ஒரு இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வந்தார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அரசியலை விட்டு ஊழியத்துக்கு வரலாமா என்று தவித்தவரை, இருக்கும் இடத்திலேயே இருந்து ஆண்டவருக்கு உழைக்கச் சொன்னார் நியூட்டன். அடிமை வியாபாரத்துக்கு எதிரான போராட்டத்தை வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் தொடங்கியபோது, 1788-இல் நியூட்டன் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள், எப்படிச் சித்திரவதை செய்தார்கள் என்று தன் கண்ணால் கண்டதையும் தன் கையால் செய்த தொழிலையும் எழுதினார். இந்த அறிக்கை மிகவும் காலம் கடந்து வருகிறது என்று ஒப்புக்கொண்டார். அரசு விசாரணையிலும் சாட்சி சொன்னார். புயலுக்கும் இந்த நூலுக்கும் இடையில் நாற்பது வருடம். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. பார்வை மங்கிப்போயிருந்த நியூட்டன் அந்த டிசம்பரில் கண்மூடினார்.

பாட்டு அதற்குள் அட்லாண்டிக்கைக் கடந்திருந்தது. தென் கரோலினாக்காரரான வில்லியம் வாக்கர், 1835-இல் தன் பாட்டுப் புத்தகத்தில் 'நியூ பிரிட்டன்' என்ற மெட்டோடு இதைச் சேர்த்தார். அந்த மெட்டை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள்தான். நம் காதுக்கு அது அந்நியமாகப் படாததில் வியப்பில்லை. பரலோகத்தில் பத்தாயிரம் வருடம் கழிந்த பின்னும் என்று தொடங்கும் கடைசிச் சரணம் நியூட்டன் எழுதியதல்ல. ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 1852-ஆம் வருட நாவலில், கறுப்பின அடிமையான டாம் மாமா அதை இந்தப் பாட்டோடு சேர்த்துப் பாடுகிறார். எந்த ஜனங்களை நியூட்டன் எண் போட்டு ஏற்றினாரோ, அந்த ஜனங்களின் பிள்ளைகள் பாட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

2015 ஜூனில் சார்ல்ஸ்டனில், இம்மானுவேல் சபையின் வேதபாட வேளையில் ஒன்பது கறுப்பின விசுவாசிகளை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவரான சபைப் போதகர் கிளமெண்டா பிங்க்னியின் அடக்க ஆராதனையில் கிருபையைப் பற்றிப் பேசிய அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா, நடுவில் நிறுத்தி இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினார். நியூட்டன் 1749-இல் காட்டுக்குள் போய் ஜெபித்த அதே ஊர்.

ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் இந்தக் கதையைச் சொல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புயலோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டைவிரல் நசுங்கிய சிறுவர்களையும் சொல்லுங்கள். சங்கிலியோடு கிடந்து தங்கள் சோற்றில் பங்கு கொடுத்தவர்களையும் சொல்லுங்கள். நியூட்டன் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை.