மூன்று இலக்கத்தில் கொஞ்சம் வரலாறு

விழுப்புரம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ரிமோட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். யுனிவர்சல் ரிமோட் வாங்கினால் கூடவே பொடி எழுத்தில் ஒரு தாள் வரும்: கம்பெனி பெயர்கள், எதிரே மூன்று இலக்க எண்கள். பலரும் தூக்கிப் போட்டுவிடும் அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

1955-ல் ஜெனித் கம்பெனி விட்ட ஃபிளாஷ்மேட்டிக் வெறும் டார்ச் வெளிச்சத்தில் இயங்கியது. டிவி மேல் வெயில் பட்டாலே சேனல் மாறிவிடும்! அடுத்த வருஷமே ராபர்ட் ஆட்லரின் மீயொலி ரிமோட் வந்தது. அதற்குப் பிறகுதான் அகச்சிவப்பு.

வெயில் பிரச்சினைக்கு இதில் தீர்வு உண்டு. 1980-களில் பிலிப்ஸ் பரப்பிய ஆர்சி-5 முறையில் எல்இடி விநாடிக்கு 36,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்பில் வருவதை மட்டும்தான் டிவி காதில் வாங்கும். ஒரு செய்திக்கு 14 பிட். அதில் 5 பிட் முகவரி, 6 பிட் கட்டளை. டிவியின் முகவரி 0, பவர் பட்டனின் கட்டளை 12. ஜப்பானின் என்இசி முறையோ 38,000 துடிப்பு, 32 பிட். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. தாளிலுள்ள எண், "இந்த டிவியிடம் எந்த பாஷையில், எந்த முகவரிக்குப் பேசணும்" என்று ரிமோட்டுக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

நம்ம ஊரில் இது ஏன் முக்கியம்? 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வீடு வீடாக 14 இன்ச் டிவி வந்தது. 2011-ல் திட்டம் நின்றது, டிவிகள் நிற்கவில்லை. 2017-ல் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸும் வந்தது. பாக்ஸ் ஓட டிவியை ஏவி-க்கு மாற்றணும். பல செட்டுகளில் அந்தப் பட்டன் ரிமோட்டில் மட்டும்தான். ரிமோட் போனால் நல்ல டிவியும் பரண் மேல்தான். அதைக் காப்பாற்றியது இந்தக் கடைகளின் மலிவு ரிமோட்டுகள்.

கோடு போடுவது சுலபம். பெரும்பாலான மாடல்களில் டிவியை ஆன் செய்து, லைட் நிலையாக எரியும்வரை செட் பட்டனை அழுத்தி, எண்ணைப் போடணும். எண் தெரியாவிட்டால் ஆட்டோ சர்ச். ரிமோட் ஒவ்வொரு கோடிலும் பவர் கட்டளையை அனுப்பிப் பார்க்கும். டிவி அணைந்ததும் சட்டென்று நிறுத்தணும். விட்டால் சரியான கோடு தாண்டிப் போய்விடும்.

தாளில் வீடியோகான் பெயரைப் பாருங்கள். 2018-ல் திவால் வழக்குக்குப் போன கம்பெனி. ஆனால் அதன் எண் இன்னும் வேலை செய்கிறது. எந்தெந்த டிவிகள் நம் வீடுகளில் இருந்தன என்பதற்கு இதுவும் ஒரு ஆவணம்தானே?

அதனால் தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் டிவிக்குப் பொருந்திய எண்ணை பேட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். சில ரிமோட்டுகள் பேட்டரியைக் கழற்றினால் எண்ணை மறந்துவிடும்.