டிரைவை மாத்தலாம், டிஸ்க்கை?

கோயில் திருவிழா கச்சேரிகளில் ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி, கீபோர்டுக்காரர் குனிஞ்சு ஒரு ஃப்ளாப்பியை மாத்துவார். அந்த ‘கர்ர்... டக்’ சத்தம் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இந்த எபிசோடு. இல்லாதவங்களுக்கும்தான்.

இசைக்கருவிக்கு எதுக்கு டிஸ்க்? 1979-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஃபேர்லைட் சிஎம்ஐ, வெளியில் கேட்கும் எந்தச் சத்தத்தையும் பதிஞ்சு கீபோர்டில் வாசிக்க வைத்தது. பதிஞ்சதைச் சேமிக்க 8 அங்குல ஃப்ளாப்பி. விலையோ பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். எண்பதுகளின் நடுவில் வந்த என்சோனிக் மிராஜ் அதே வித்தையை 2,000 டாலருக்குள் கொடுத்தது. ஆனால் கரன்ட் போனால் அதன் மெமரி காலி. ஆபரேட்டிங் சிஸ்டமே ஃப்ளாப்பியில்தான் இருந்தது. டிஸ்க் இல்லைன்னா அது வெறும் பலகை.

நம்ம ஊர்க் கதையில் 1986-ல் இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’, 1992-ல் ரஹ்மானின் ‘ரோஜா’ என்று மைல்கற்களைச் சொல்வோம். சரிதான். ஆனால் அந்தப் பாட்டுகளை ஊர் ஊராக எடுத்துப்போன லைட் மியூசிக் குழுக்களின் டிஸ்க் பெட்டிகளை யாரும் வரலாறாகப் பார்ப்பதில்லை. எனக்கு அதுவும் வரலாறுதான்.

எங்க பெரியப்பா அரும்பாவூர்க்காரர். மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அவர் உளி பிடிக்கல, கீபோர்டு பிடிச்சார். தொண்ணூறுகளில் வாங்கிய சாம்ப்ளர் கீபோர்டு ஒன்று, கூடவே 14 ஃப்ளாப்பி. போன வருஷம் டிரைவ் நின்னு போச்சு.

புது டிரைவ் தேடுவது வீண் வேலை. சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. மாற்று வழி கோடெக். ஃப்ளாப்பி டிரைவ் அளவிலேயே இருக்கும், முன்னால் பென்டிரைவ் செருகும் ஓட்டை. எம்பிராய்டரி மெஷின் மாதிரியான தொழில் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்த சாதனம். கீயர் ஃப்ரேசர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றினால் இசைக்கருவிகளுக்கும் பொருந்தும். அதே 34 பின் கேபிள். கீபோர்டுக்குத் தான் பேசுவது பென்டிரைவோடு என்றே தெரியாது. ஒரே சிக்கல், 34-வது பின்னில் பல கருவிகள் ‘ரெடி’ சிக்னலை எதிர்பார்க்கும், பிசி டிரைவ்களோ அங்கே ‘டிஸ்க் மாறியது’ என்று சொல்லும். அதை செட்டிங்கில் மாற்றணும்.

இதையெல்லாம் உற்சாகமா விளக்கினேன். பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: “அதெல்லாம் சரிப்பா, இந்த டிஸ்க்குல இருக்கிறத எடுக்க முடியுமா?”

அதுதான் விஷயம். கோடெக் போட்டால் கீபோர்டு பிழைக்கும், பழைய டிஸ்க்கில் இருப்பது தானாக வந்துவிடாது. யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் பிசி ஃபார்மட்டை மட்டுமே படிக்கும், என்சோனிக், அகாய் போன்றவை தங்களுக்கென்று தனி ஃபார்மட் வைத்திருந்தன. பெரியப்பாவுடையதும் அந்த ரகம். அதற்கு கிரீஸ்வீசில் என்று ஒரு சின்ன போர்டு இருக்கு, அதுவும் ஃப்ரேசர் செய்ததுதான். பழைய பிசி ஃப்ளாப்பி டிரைவோடு இணைத்தால், ஃபைல் எதுவென்று கவலைப்படாமல் டிஸ்க்கின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். பூஞ்சை பிடித்த டிஸ்க்கை மட்டும் துடைக்காமல் உள்ளே விடாதீங்க, டிரைவின் ஹெட்டும் சேர்ந்து கெடும்.

1.44 எம்பி ஃப்ளாப்பியில் சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி எட்டு விநாடி சொச்சம்தான் அடங்கும். அதனால் பெரியப்பா கஞ்சத்தனமாகப் பதிஞ்சிருக்கார். 14-ல் 11 டிஸ்க் வந்தது. ஒன்பதாவதில் உள்ளூர் நாதஸ்வரக்காரர் ஒருத்தர் ஊதிய ஒற்றை ஸ்வரம், மோனோவில், மூணு விநாடி. அவர் இப்போ இல்லை, அவர் வாசித்ததுக்கு வேற ரெக்கார்டிங்கும் இல்லை. பெரியப்பா அதை ஒரு கட்டையில் வைத்து அழுத்தினார், அப்புறம் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே.

மீதி மூணு டிஸ்க்கை இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன்.