கல்லீரல் தட்டிலிருந்து வீட்டு ஊசி வரை

நாள்தோறும் 120 முதல் 240 கிராம் வரை கல்லீரலை இலேசாக வேகவைத்துத் தின்ன வேண்டும் என்று மருத்துவர் உங்களிடம் கூறினால் என்ன செய்வீர்கள்? ஒரு வாரம் தாக்குப்பிடிக்கலாம். ஆயுள் முழுவதும் என்றால்? 1926ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள் தம் நோயாளிகள் 45 பேருக்கு இத்தகைய உணவைத்தான் கொடுத்தார்கள். நோயாளிகள் முகம் சுளித்தார்கள், ஆனால் பிழைத்தார்கள்.

அவர்களுக்கு வந்திருந்தது பெர்னீசியஸ் அனீமியா. கொல்லும் இரத்த சோகை என்று தமிழில் சொல்லலாம். உடல் வெளிறும், நாக்கு புண்ணாகும், கைகால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். அதற்குமுன் இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளிலேயே மாண்டனர். கல்லீரலைக் கொடுக்கும் எண்ணம் ஜார்ஜ் விப்பிள் நாய்களிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. அந்த நாய்களுக்கு இருந்ததோ வேறு வகைச் சோகை. குருதியை வடித்ததால் வந்தது. அவற்றைத் தேற்றியது கல்லீரலிலிருந்த இரும்பு. நோய் வேறு, மருந்து வேறு, ஆயினும் வழி சரியாக அமைந்துவிட்டது! மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். மைனட்டுக்கு 1921இல் கடுமையான நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தது. இன்சுலின் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது 1922இல்தான். அது மட்டும் வராதிருந்தால் அவர் 1926ஐக் கண்டிருப்பது அரிது. அவருக்கு மருத்துவம் செய்த எலியட் ஜாஸ்லின், நோயாளியே தன் ஊசியைப் போட்டுக்கொள்ளப் பயிற்றுவதில் முன்னோடி. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் இட்டு எடுத்து, அளவு பார்த்து, தோலுக்கடியில் குத்திக்கொள்வது ஒரு வீட்டு வேலையாகவே ஆயிற்று. மருத்துவமனையிலிருந்த ஊசியை வீட்டுக்குள் கொண்டுவந்தது இன்சுலின்தான். வைட்டமின் ஊசி பின்னர் அந்த வழியே வந்தது.

கல்லீரலில் இருப்பது என்ன? அதே பாஸ்டனில் வில்லியம் காஸில் என்ற இளம் மருத்துவர் வேறொரு கேள்வி கேட்டார்: நலமானவர்கள் கல்லீரல் தின்னாமலே எப்படி நலமாக இருக்கிறார்கள்? அவர் மாட்டிறைச்சியைத் தின்று, சற்று நேரத்தில் அதைத் தம் இரைப்பையிலிருந்து வெளியே எடுத்து, பதப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். அருவருப்பாக இருக்கிறதா? சோகை குறைந்தது. வெறும் இறைச்சியால் அது குறையவில்லை. நலமான இரைப்பை ஒரு பொருளைச் சுரக்கிறது, அதன் துணையில்லாமல் உணவிலுள்ள சத்து உடலில் சேர்வதில்லை என்று 1929இல் அவர் அறிவித்தார். இந்த நோயாளிகளின் இரைப்பையில் அந்தச் சுரப்புத்தான் இல்லை. உணவில் குறையில்லை; சத்து உள்ளே செல்லும் கதவுதான் அடைத்துக்கொண்டது.

கதவு அடைத்திருந்தால் சுவரில் துளையிட வேண்டியதுதானே? 1930களில் கல்லீரல் சாற்றை ஊசியாகச் செலுத்தினார்கள். 1948இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தினரும் பிரிட்டனின் கிளாக்ஸோ நிறுவனத்தினரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்தச் சத்தைச் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி12. அதன் நடுவே கோபால்ட் என்னும் உலோகத்தின் அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது சுமார் 2 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு. ஆதலால் இன்று பிரிட்டனில் பல நோயாளிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 1 மில்லிகிராம் ஊசி போதுமானதாக இருக்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது அங்கு பல மருத்துவ நிலையங்கள் இந்த ஊசியைத் தள்ளிவைத்தன. ஊசி தாமதமானால் கால் மரத்துப்போகும் என்று அஞ்சியவர்களுள் சிலர் தாமே குத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆனால் நோய் இன்னதென்று அறியாமல் வைட்டமினைத் தேர்ந்தெடுப்பது வேறு செய்தி. 1940களில் ஃபோலிக் அமிலம் கிடைத்தபோது, இதே சோகைக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். குருதி அழகாகத் தேறியது. மருத்துவர்கள் மகிழ்ந்திருக்க, நரம்புகளின் கேடு உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது; சிலருக்கு விரைந்தும் வளர்ந்தது. சோகை மறைந்துவிட்டதால் எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை.

களைப்பு என்றால் ‘சத்து ஊசி’ போட்டுக்கொள்வது நம் ஊர்களிலும் உள்ள பழக்கந்தான். கதவு திறந்திருப்பவருக்கு, ஊசியில் மிகுதியாகச் செல்லும் பி12 பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடுகிறது. வைட்டமின் பி1 ஊசியோ மிகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். வீட்டில் தனியாக இருக்கையில் அது நேர்ந்தால் உதவிக்கு யார்? மருந்தைவிட ஊசியே கெடுத்த கதையும் உண்டு. தூய்மையற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அது தாக்குவதும் கல்லீரலைத்தான்.

ஒரு புதிர் மிஞ்சுகிறது. கதவு அடைத்திருந்தும், மைனட்டின் நோயாளிகள் வாயால் தின்ற கல்லீரல் எப்படிப் பலித்தது? இரைப்பைச் சுரப்பின் துணையின்றியே பி12இல் சுமார் நூற்றில் ஒரு பங்கு குடலில் கசிந்து உள்ளே போகிறது. 200 கிராம் மாட்டுக் கல்லீரலில் நூறு மைக்ரோகிராமுக்கு மேல் பி12 உண்டு. நூற்றில் ஒன்று என்று கணக்கிட்டால், அன்றாடத் தேவையை ஓரளவு எட்டிவிடும்! 1,000 மைக்ரோகிராம் மாத்திரையானால் 10 மைக்ரோகிராம் உள்ளே சேரும். ஸ்வீடன் நாட்டில் பல பத்தாண்டுகளாக ஊசிக்குப் பதில் இத்தகைய மாத்திரையே பெரிதும் வழங்கி வருகிறது. ஆயினும் நரம்பு கெடத் தொடங்கியவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் ஊசியையே நாடுகிறார்கள்.

எந்த வழியானாலும் இரத்தப் பரிசோதனை முதல் ஊசிக்கு முன்னரே நடக்க வேண்டும். ஒரே ஓர் ஊசி போட்டுவிட்டாலும் இரத்தத்தில் பி12 அளவு ஏறிவிடும். குறை இருந்ததா, கதவு அடைத்திருந்ததா என்று பிறகு கண்டறிவது மருத்துவருக்கே கடினமாகிவிடும்.